வீட்டைப் பாராமல் விலை கூறும் விந்தை!

வாசற்படி மிதிக்கவில்லை. கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்க்கவில்லை. சுவரிலே விரிசல் உண்டா என்று தட்டிப் பார்க்கவில்லை. அக்கம்பக்கம் எப்படி என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஆனாலும் விலை கூறிவிட்டது! 4 லட்சத்து 12 ஆயிரத்து 300 டாலர் என்பது போல, நூறு டாலர்கூடப் பிசகாத தோரணையிலே, எண்கள் திரையிலே மின்னுகின்றன!

மந்திரமல்ல, மாயமல்ல, யந்திரம்! அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே வீடு வைத்திருப்போருக்கு இது பழகிப்போன காட்சி. காலையிலே காப்பி அருந்தியபடி கைப்பேசியை எடுத்து, தன் வீட்டின் விலை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பவர் உண்டு. ஏறியிருந்தால் முகத்திலே பூரிப்பு. இறங்கியிருந்தால் நெஞ்சிலே நெருஞ்சி. வீடோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு செங்கல் கூடவுமில்லை, ஒரு செங்கல் குறையவுமில்லை!

"அமெரிக்காக்காரன் வீட்டு விலை ஏறினால் நமக்கென்ன, இறங்கினால் நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர் இருக்கக்கூடும். கேட்பது முறைதான். ஆனால் அமெரிக்கா என்றதும் வானளாவிய மாளிகையும் கோட்டீஸ்வரரும் மட்டுமே நினைவுக்கு வருவது சரியல்ல. அங்கும் ஆலைத் தொழிலாளி இருக்கிறான். லாரி ஓட்டுபவன் இருக்கிறான். மருத்துவமனையிலே இரவெல்லாம் கண்விழித்து நோயாளிக்குப் பணிபுரியும் பெண் இருக்கிறாள். அவர்கள் கடன் வாங்கி வீடு கட்டுகிறார்கள், அல்லது வாங்குகிறார்கள். 30 ஆண்டுத் தவணை! வாலிபத்திலே வாங்கிய கடன் வயோதிகத்திலே தீர்கிறது. வியர்வை சிந்தியவனுக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு வீடுதான். அந்த ஒரே சொத்துக்கு முகம் தெரியாத யந்திரம் ஒன்று விலைச்சீட்டு ஒட்டுகிறது. அந்தச் சீட்டு மெய்யா, பொய்யா? நம்பினால் என்ன ஆகும்? உழைப்பாளியின் ஆயுட்கால உழைப்பு சம்பந்தப்பட்ட கேள்வி இது. ஆகவே நாம் கவனித்தாக வேண்டிய கேள்வி.

2006ஆம் ஆண்டு பிப்ரவரியிலே, சியாட்டில் நகரிலிருந்து, ஜில்லோ என்ற நிறுவனம் இந்தக் கடையை விரித்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திலே உயர்பதவி வகித்த ரிச் பார்ட்டன், லாயிட் ஃப்ரிங்க் ஆகிய இருவர் அதை நிறுவியவர்கள். தொடங்கும்போதே 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு விலை எழுதிப் போட்டார்கள். இன்று 10 கோடிக்கும் மேல்! தங்கள் கணிப்புக்கு 'ஜெஸ்டிமேட்' என்று பெயரும் சூட்டிக்கொண்டார்கள். ரெட்ஃபின் போன்ற வேறு நிறுவனங்களும் பிறகு இதே கடையைத் திறந்தன. ஒரே வீடு, ஒரு தளத்திலே ஒரு விலை, மறு தளத்திலே வேறு விலை! ஒரே மாட்டுக்கு இரு தரகர் இரு விலை கூறினால், "எந்தத் தரகன் கையிலே எவ்வளவு வாங்கினான்?" என்று கேட்டுச் சிரிப்போம். யந்திரம் கூறினால் மட்டும் வாய்பொத்தி நிற்க வேண்டுமாம்!

முதலிலே நியாயத்தைச் சொல்லிவிடுவோம். யந்திரம் என்றாலே எதிர்ப்பவரல்லர் நாம். இந்தத் தளங்கள் வருவதற்கு முன்பு, அண்டை வீடு என்ன விலைக்குப் போயிற்று என்பது சாமானியனுக்கு எளிதிலே கிடைக்கும் சேதியாக இல்லை. பதிவு அலுவலகத்து ஏட்டிலே அது தூங்கிக்கொண்டிருந்தது. தரகரின் சட்டைப் பைக்குள்ளே ஒளிந்துகொண்டிருந்தது. அதை வெளியே இழுத்து, ஏழை எளியவரும் பார்க்கும்படி வீதியிலே வைத்தது பாராட்டத்தக்க செயல்தான். பூட்டிய பெட்டியைத் திறந்தவனுக்கு நன்றி கூறுவோம். ஆனால் பெட்டியைத் திறந்தவன் கூறும் கணக்கையெல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நன்றியாகாது, அது ஏமாளித்தனம்!

யந்திரம் எப்படி விலை கூறுகிறது? கவுண்டி என்று அங்கே ஒரு நிர்வாகப் பிரிவு. நம் மாவட்டம் போன்றது. அந்த அலுவலகத்து வரிப் பதிவேட்டிலே, வீடு இத்தனை சதுர அடி, இத்தனை படுக்கையறை, இன்ன ஆண்டு கட்டியது என்று எழுதியிருக்கும். அக்கம்பக்கத்திலே அண்மையில் விற்ற வீடுகளின் விலையும் கிடைக்கும். இவற்றையெல்லாம் அள்ளிக் கணக்குப் போட்டு, இதைப் போன்ற வீடு இவ்வளவுக்குப் போயிற்று, ஆகவே இதுவும் இவ்வளவு பெறும் என்று யந்திரம் முடிவு கட்டுகிறது. ஒரே அச்சிலே வார்த்தது போல வரிசை வரிசையாக வீடுகள் நிற்கும் புதிய குடியிருப்பு என்றால், இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தும். பத்துத் தோசையில் ஒன்பதைப் பார்த்தவன் பத்தாவதைப் பாராமலே சொல்லிவிடலாமல்லவா?

ஆனால் எல்லா வீடும் தோசையல்லவே! ஏட்டிலே இரண்டு வீடுகளும் ஒரே அளவு. ஒன்றிலே வீட்டுக்காரன் சிறுகச் சிறுகச் சேமித்துச் சமையலறையைப் புதுப்பித்திருக்கிறான். மற்றொன்றிலே அடித்தளமே விரிசல் விட்டிருக்கிறது. ஏடு அறியுமா? ஏடு அறியாததை யந்திரம் அறியுமா? பழைய வீடு, விற்பனை அதிகம் நடக்காத கிராமம், ஒன்றுபோல் ஒன்று இராத தெரு—இங்கெல்லாம் யந்திரம் தடுமாறுகிறது. டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களிலே, வீடு என்ன விலைக்கு விற்றது என்பதைப் பொதுப் பதிவேட்டிலே வெளியிட வேண்டிய கட்டாயமே கிடையாது. மூலச் சேதியே மூடிக் கிடக்கும் இடத்திலே கணக்கு எப்படிக் கண் திறக்கும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்!

"பிழை சிறிதளவுதானே!" என்கிறார்கள் அன்பர்கள். எவ்வளவு சிறிது? ஜில்லோ தானே வெளியிடும் கணக்கின்படி, விற்பனைக்கென்று அறிவிக்கப்படாத வீடுகளிலே பிழை சுமார் 7 சதவீதம். தொடக்கத்திலே 14 சதவீத அளவில் இருந்த பிழை, ஆண்டுக்காண்டு குறைந்து வந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் கூறுவோம். ஆனால் அந்த '7 சதவீதம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். அது அதிகபட்சப் பிழையல்ல, தோழர்களே! நடுவிலே நிற்கும் பிழை. 100 வீடுகள் விற்றன என்று வைத்துக்கொள்வோம். யந்திரம் சொன்ன விலையையும் விற்ற விலையையும் ஒப்பிட்டு, பிழை குறைந்த வீடு முதல் பிழை மிகுந்த வீடு வரை வரிசையாக நிறுத்தினால், நடுவே நிற்கும் வீட்டின் பிழைதான் 7 சதவீதம். அதற்குப் பின்னே நிற்கும் பாதி வீடுகளிலே பிழை அதைவிட அதிகம்! 4 லட்சம் டாலர் வீட்டிலே 7 சதவீதம் என்றால் 28 ஆயிரம் டாலர். கோட்டீஸ்வரனுக்கு அது குறும்பிழை. கூலிக்காரனுக்குப் பல மாத உழைப்பு!

"விற்பனைக்கு வந்த வீடுகளிலே பிழை 2 சதவீத அளவுதான், பாருங்கள்!" என்று இன்னொரு புள்ளியைக் காட்டுகிறார்கள். பார்த்தோம். எப்படி இவ்வளவு துல்லியம் திடீரென வந்தது? விற்பவர் தன் வீட்டுக்கு இன்ன விலை கேட்கிறேன் என்று அறிவித்ததும், அந்த விலையையும் யந்திரம் தன் கணக்கிலே சேர்த்துக்கொள்கிறது. வீட்டை நேரில் பார்த்த மனிதர் நிர்ணயித்த விலை அது! பக்கத்துப் பையனின் விடைத்தாளை எட்டிப் பார்த்து எழுதிய மாணவன், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினேன் என்று மார்தட்டுவதைப் போன்றதல்லவா இது? விலை தெரியாமல் தவிப்பவனுக்குத்தான் யந்திரத்தின் உதவி தேவை. அவனுக்கு 7 சதவீதப் பிழை. விலையை ஏற்கெனவே தெரிந்துகொண்டவனுக்கு 2 சதவீதப் பிழை. பசித்தவனுக்குப் பழங்கஞ்சி, உண்டவனுக்கு விருந்து!

ஊரார் வீட்டுக்கு விலை கூறியவரின் சொந்த வீட்டுக் கதையையும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு ஜில்லோவின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் ஸ்பென்சர் ராஸ்காஃப். அவர் சியாட்டிலிலே தமது வீட்டை விற்றார். பிப்ரவரி 29ஆம் நாள் விற்ற விலை 10 லட்சத்து 50 ஆயிரம் டாலர். மறுநாள், அவருடைய நிறுவனத்தின் யந்திரம் அதே வீட்டுக்குக் காட்டிய விலை 17 லட்சத்து 50 ஆயிரம் டாலர்! 7 லட்சம் டாலர் வித்தியாசம். வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்கே மருந்து பலிக்கவில்லை. மற்ற வீட்டாரின் கதி என்ன?

இல்லினாய் மாநிலத்து வீட்டுக்காரர் சிலர் வழக்கு மன்றத்துக்கே போனார்கள். "எங்கள் வீட்டுக்குக் குறைவான விலை போட்டிருக்கிறார்கள், வாங்க வருகிறவர் அதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குகிறார்" என்று முறையிட்டார்கள். 2019இலே கூட்டாட்சி மேல்முறையீட்டு மன்றம் அவர்கள் வழக்கை ஏற்க மறுத்தது. ஏன் தெரியுமா? யந்திரம் கூறுவது ஒரு கருத்து, உண்மை பற்றிய கூற்று அன்று என்பது மன்றத்தின் முடிவு. ஜில்லோவும், இது முறைப்படியான மதிப்பீடு அல்ல என்றே தன் தளத்திலே எழுதி வைத்திருக்கிறது. கவனியுங்கள், தோழர்களே! திரையிலே எண்ணாக மின்னும்போது அது தீர்ப்பைப் போலக் காட்சி தருகிறது. மன்றத்திலே கேட்டால் வெறும் அபிப்பிராயமாகச் சுருங்கிவிடுகிறது. வீட்டுக்காரனுக்கு ஏற்படும் நட்டமோ அபிப்பிராயமல்ல, ரொக்கம்!

சரி, பிறர் பணத்திலே விளையாடும்போது அப்படி; தன் பணத்தையே வைத்து ஆடினால் யந்திரம் விழிப்பாக இருக்குமா? அந்தப் பரீட்சையும் நடந்து முடிந்தது. 2018இலே ஜில்லோ, வீடுகளைத் தானே நேரடியாக வாங்கி, சில்லறை வேலைகள் செய்து விற்கும் வணிகத்தில் இறங்கியது. 2021 பிப்ரவரியிலே இன்னும் ஒரு படி மேலே போய், சில வீடுகளுக்குத் தன் ஜெஸ்டிமேட் விலையையே முதற்கட்ட ரொக்க விலையாகத் தருவதாக அறிவித்தது. கையிலே கோடிக்கணக்கான வீடுகளின் விவரம். கணிதப் பட்டதாரிகளின் படை. விலை மதிக்கும் ஊழியர்களும் உண்டு. இதைவிட வேறென்ன வேண்டும்?

2021 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான 3 மாதங்களில் 9,680 வீடுகளை வாங்கியது, விற்றதோ 3,032. வாங்கிய பிறகுதான் தெரிந்தது, பல வீடுகளை விற்கக்கூடிய விலைக்கும் மேலே கொடுத்து வாங்கிவிட்டோம் என்பது! அந்த 3 மாதக் கணக்கிலே மட்டும் 30 கோடியே 40 லட்சம் டாலர் மதிப்பிழப்பு எழுதினார்கள். அந்த ஆண்டு முழுவதும் வீட்டு வணிகப் பிரிவிலே நட்டம் 88 கோடி டாலர். நவம்பர் 2ஆம் நாள் கடையை மூடுவதாக அறிவித்தார்கள். வீட்டு விலை இனி எப்படிப் போகும் என்று கணிப்பது தாங்கள் நினைத்ததைவிட மிகவும் கடினமாக இருக்கிறது என்று ரிச் பார்ட்டனே ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு ரெட்ஃபினும் தன் வீடு வாங்கும் கடைக்குப் பூட்டுப் போட்டது.

இதிலே நாம் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. யந்திரத்தின் கணிப்பு பிசகியது. யார் வேலை போயிற்று? யந்திரத்தின் வேலை போகவில்லை. அது இன்றும் விலை கூறிக்கொண்டுதான் இருக்கிறது. தலைமை நிர்வாகியின் நாற்காலி ஆடவில்லை. 2024ஆம் ஆண்டு வரை பார்ட்டன் அதே பதவியில் அமர்ந்திருந்தார். ஊழியர்களிலே நான்கில் ஒரு பங்கினருக்குத்தான் வேலை போயிற்று! கணக்குப் போட்டது மேலே, கண்ணீர் விட்டது கீழே!

இதைவிட ஆழமான புண் ஒன்று இருக்கிறது. யந்திரத்துக்குச் சாதி தெரியாது, நிறம் தெரியாது. ஆகவே அது நடுநிலை தவறாது என்று வாதிடுவோர் உண்டு. வீட்டுக்காரன் கறுப்பா வெள்ளையா என்று அது கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் அது படிக்கும் பாடப்புத்தகம் எது? பழைய விற்பனை விலைகள். அந்த விலைகள் எப்படி உருவாயின?

1930களிலே, ரூஸ்வெல்ட் ஆட்சிக் காலத்தில், வீட்டுக் கடனுக்கென்று அமைந்த சர்க்கார் கழகம் 200க்கு மேற்பட்ட நகரங்களுக்கு வண்ணப்படம் தீட்டியது. பச்சை என்றால் முதல் தரம். சிவப்பு என்றால் அபாயம். கறுப்பு இனத்தார் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு மை! அத்தகைய பகுதிகளிலே வீட்டுக் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. கடன் இல்லை, ஆகவே வாங்குவோர் இல்லை, ஆகவே விலை இல்லை. 1968 ஏப்ரலிலே, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், வீட்டு விவகாரத்திலே நிறபேதம் காட்டக் கூடாதென்று சட்டம் கையெழுத்தாயிற்று. சட்டம் வந்தது, விலை வந்ததா? 2018இலே புரூக்கிங்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டனர். வீட்டின் தரமும் அக்கம்பக்க வசதியும் சமமாக இருந்தால்கூட, கறுப்பு இனத்தார் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளின் வீடுகள் 23 சதவீதம் குறைவாக மதிக்கப்படுகின்றன. வீடு ஒன்றுக்குச் சராசரி 48 ஆயிரம் டாலர். மொத்தத்தில் 15,600 கோடி டாலர் இழப்பு!

அந்த விலைகளைத்தான் யந்திரம் படிக்கிறது; படித்ததை ஒப்பிக்கிறது. நஞ்சு ஊறிய கிணற்றிலே இறைத்தால், வாளி புத்தம் புதியதாக இருந்து என்ன பயன்? கறுப்பு இனத்தார் பெரும்பான்மையாக உள்ள பகுதிகளிலே யந்திரக் கணிப்பின் பிழைச் சதவீதமும் அதிகம் என்று அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆராய்ச்சி நிலையம் 2020இலே எடுத்துக் காட்டியது. தாத்தாவுக்குக் கடன் மறுத்த கை, பேரன் வீட்டு விலையையும் இன்று கிள்ளிக் குறைக்கிறது. அந்தக் கைக்கு இப்போது உறை மட்டும் மாட்டியிருக்கிறார்கள்!

"அப்படியானால் மனிதர் போடும் மதிப்பீடு சொக்கத் தங்கமோ?" என்று கேட்கலாம். இல்லை. கலிஃபோர்னியாவிலே கறுப்பு இனத் தம்பதியர் வீட்டுக்கு மதிப்பீட்டாளர் 9 லட்சத்து 95 ஆயிரம் டாலர் என்று எழுதிக் கொடுத்தார். தம்பதியர் தங்கள் குடும்பப் படங்களை அகற்றிவிட்டு, வெள்ளை இனத் தோழி ஒருவரை வீட்டுக்காரி போல நிற்க வைத்தனர். அடுத்து வந்த மதிப்பீட்டாளர் எழுதியது 14 லட்சத்து 82 ஆயிரத்து 500 டாலர்! அவர்கள் வழக்காடினர், 2023இலே அது சமரசத்தில் முடிந்தது. ஆகவே மனிதன் தூய்மை, யந்திரம் தீமை என்பதல்ல நம் வாதம். மனிதனின் ஓரவஞ்சனையைக் கண்ணால் பார்க்கலாம்; எதிர்த்துக் கேட்கலாம்; கூண்டிலே ஏற்றலாம். யந்திரத்தின் ஓரவஞ்சனையோ கணக்கு என்ற போர்வைக்குள்ளே படுத்திருக்கிறது. போர்வையை விலக்கினால்தான் தெரியும்!

விலக்கும் முயற்சி தொடங்கியிருக்கிறது என்பது ஆறுதல். வீட்டுக் கடன் தருவோர் பயன்படுத்தும் யந்திரக் கணிப்புகளுக்கென 6 மத்திய அமைப்புகள் சேர்ந்து 2024இலே விதி வகுத்தன. 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறை என்று நாளும் குறித்தன. கணிப்பு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். விவரங்களிலே எவரும் கைவைத்துத் திருத்தாதபடி காவல் வேண்டும். லாபம் பெறுபவரே விலை கூறுபவராக இருக்கக் கூடாது. இடையிடையே சில வீடுகளைப் பொறுக்கியெடுத்துச் சோதிக்க வேண்டும். பேதம் காட்டலாகாதென்ற சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். ஐந்தும் அருமையான விதிகள். ஆனால் இவை கடன் தருவோரின் யந்திரத்துக்கு விதித்த கடிவாளம். வீட்டுக்காரன் காலையிலே காப்பியோடு பார்க்கும் அந்தத் திரைக்கு அவனுடைய அறிவுதான் கடிவாளம்!

ஆகவே அந்த நாட்டு உழைப்பாளி செய்ய வேண்டியது என்ன? திரையிலே தெரியும் ஒற்றை எண்ணைவிட, அதன் அருகே இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று போட்டிருக்கும் வரம்பைப் பார்க்க வேண்டும். வரம்பு அகலமாக இருந்தால், யந்திரமே தன் சொல்லை நம்பவில்லை என்று அர்த்தம். தன் வீட்டைப் பற்றிய விவரம் ஏட்டிலே தவறாக இருந்தால் திருத்த வேண்டும்; திருத்துவதற்கு அத்தளத்திலேயே வழி இருக்கிறது. கடந்த சில மாதங்களிலே தன் தெருவிலும் அடுத்த தெருவிலும் உண்மையாக விற்ற விலைகளை விசாரிக்க வேண்டும். ஒரு தரகரோடு நிற்காமல் இரண்டு மூன்று பேரைக் கேட்க வேண்டும். சில நூறு டாலர் செலவானாலும், உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரை வீட்டுக்குள் அழைத்துக் காட்ட வேண்டும். அவர் கூறுவதும் அநியாயமாகத் தோன்றினால், மறுமதிப்பீடு கோரத் தயங்கக் கூடாது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற நம் பழமொழி, கைப்பேசித் திரைக்கும் பொருந்தும்!

இது வீட்டோடு நிற்கும் விவகாரமல்ல. யார் கடன் பெறத் தகுந்தவர், யாரை வேலைக்கு எடுக்கலாம் என்பதையும் யந்திரக் கணக்கிடம் ஒப்படைக்கும் காலம் இது. எங்கே எண் மின்னினாலும் உழைப்பாளி மூன்று கேள்விகளைக் கையிலே வைத்திருக்க வேண்டும். இந்த எண்ணை எழுதியவர் யார்? எதைப் பார்த்து எழுதினார்? இது தவறினால் நட்டம் யாருக்கு? முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல், மூன்றாவது கேள்விக்கு மட்டும் "உனக்குத்தான்" என்று பதில் வருமானால், அந்த எண் எவ்வளவு அழகாக மின்னினாலும் அதற்குத் தலைவணங்க வேண்டியதில்லை. விலை கூறட்டும் யந்திரம், கேட்டுக்கொள்வோம். முடிவு கூற வேண்டியவன், அந்த வீட்டுக்காக 30 ஆண்டு உழைத்தவன்!